கரும்புக் காட்டுக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஆர்102 பழைய சாலையைப் பிடித்து வடக்கே வெருலம், டொங்காட், ஸ்டேங்கர் என்று போனாலும் சரி, தெற்கே இசிபிங்கோ, உம்சிண்டோ பக்கம் போனாலும் சரி, கரும்புக்கு மேலே ஒரு சின்னக் கோயில் விமானமும் அதன் பக்கத்தில் ஒரு கொடிக்கம்பமும் எங்கேயாவது எட்டிப் பார்க்கும். தோட்டக் கோயில். ஆசையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால் கேட்டில் பூட்டுத் தொங்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடுகூட இருக்காது. வெளியூர்க்காரர்கள் பலர் கம்பிக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை, போகிற முறை தெரிந்தால் போதும்.

பூட்டுக்குக் காரணம் இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 342 பேரோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000 பேருக்குமேல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பனைச் சுற்றிய நேட்டாலில் இறங்கினார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. அந்தக் காசில் மிச்சம் பிடித்து, தங்கியிருந்த பாரக்ஸ் வரிசைக்குப் பக்கத்திலேயே கோயில் எழுப்பினார்கள். பிற்பாடு ஒப்பந்தம் முடிந்தது, பாரக்ஸுகள் இடிந்தன. இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்து 1950இல் வந்த குழுவாரிக் குடியிருப்புச் சட்டம் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்த குடும்பங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கும், பின்னால் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பியது. கோயில் நின்ற இடத்தில் நின்றது. கும்பிடுகிறவர்கள் பல மைல் தள்ளிப் போய்விட்டார்கள். அதனால்தான் வார நாளில் பூட்டு. கோயிலைத் தேடிப் போவதற்கு முன்னால் கோயிலின் ஆட்களைத் தேட வேண்டியிருப்பதும் அதனால்தான்.

முதலில் ஆள், பிறகு கோயில்

ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கமிட்டி உண்டு. சேர்மன், செக்ரட்டரி, பொருளாளர், அவர்களுக்குக் கீழே சாவி வைத்திருக்கும் ஒருவர். நீங்கள் பிடிக்க வேண்டியது செக்ரட்டரியை. கேட்டுப் பலகையில் கைபேசி எண் இருந்தால் நல்லது, ஆனால் பழைய பலகையில் பழைய ஆளின் எண்தான் இருக்கும். அந்த எண் எடுக்கவில்லை என்றால் பக்கத்து டவுனில் பூஜைச் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். டொங்காட்டிலோ வெருலத்திலோ ஸ்டேங்கரிலோ கற்பூரமும் குங்குமமும் மஞ்சள் துணியும் விற்கிறவருக்கு எந்தக் கமிட்டி எப்போது எத்தனை பெட்டி வாங்கும் என்பது அத்துப்படி. இணையத்தில் அரை நாள் தேடிக் கிடைக்காத எண் அந்தக் கல்லாவில் இரண்டு நிமிஷத்தில் கிடைக்கும்.

இரண்டு வாரம் முன்னதாகப் பேசுங்கள். எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி, கும்பிட மட்டுமா, கட்டடத்தையும் பார்க்க வேண்டுமா, படம் எடுப்பீர்களா என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். 'சும்மா பார்க்க வருகிறோம்' என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூஜைக்கு வரச் சொல்வார்கள். கூட்டத்துக்கு நடுவே சுவரையும் கல்வெட்டையும் பார்க்க முடியாது. 'ஒன்றரை மணி நேரம் கட்டடத்தைப் பார்க்க வேண்டும், யாராவது ஒரு பெரியவர் கூட இருந்தால் நல்லது' என்று கேட்டால் அதற்கு ஏற்ற ஆளையே அனுப்புவார்கள்.

'வணக்கம்' என்று தொடங்கிவிட்டு ஆங்கிலத்தில் பேசினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த நாட்டில் ஒருவர் 'நான் தமிழ்' என்றால் பேசுகிற மொழியைவிடக் கும்பிடுகிற முறையையும் குடும்ப வழியையுமே அதிகம் சொல்கிறார். 'அப்படியானால் தமிழில் பேசுங்களேன்' என்று மடக்குவது மரியாதை இல்லை. எண்பதைத் தாண்டிய பாட்டி யாராவது தமிழில் பேசத் தொடங்கினால் வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய பேச்சு காதில் விழும். அதை இடைமறிக்காமல் கேளுங்கள். ஆண்களை ஐயா அல்லது அண்ணா என்றும் பெண்களை அம்மா அல்லது அக்கா என்றும் கூப்பிடலாம். இளையவர்கள் எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்றே அழைப்பார்கள். ரெட்டி, நாயுடு குடும்பங்கள் நடத்துகிற கோயிலாக இருந்தால் அவர்கள் வழி தெலுங்கு வழி. 'தமிழ்க் கோயில்' என்று நீங்களாக முடிவு கட்டிப் பேசாமல் இருப்பது நல்லது.

எதைப் பார்ப்பது

முதல் தடவை என்றால் மவுண்ட் எட்ஜ்கோம் கணேசர் கோயில். டர்பனிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர், என்2 நெடுஞ்சாலையிலிருந்து எம்41இல் இறங்கினால் வந்துவிடும். 1898-99இல் கிஸ்டப்பா ரெட்டி கட்டியது. அவர் அந்தக் காலத்து நேட்டாலில் பேர் பெற்ற கோயில் கட்டுநர். சுற்றிலும் இன்று கால்ஃப் மைதானமும் மதில் வைத்த வீடுகளும் வந்துவிட்டன, ஆனாலும் ஒரு சர்க்கரைத் தோட்டத்துக் கோயில் எந்த அளவில் இருந்தது என்பது இங்கேதான் கண்ணுக்குப் புரியும். பெரிய கோயில்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சின்னதாகத்தான் தெரியும்.

கேட்டோ மேனர் பெல்லேர் சாலையிலுள்ள (இன்றைய வூசி ம்சிமேலா சாலை) அம்பலவாணர் ஆலயம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அதன் கதை ஆற்றங்கரையில் தொடங்குகிறது. 1875இல் உம்பிலோ ஆற்றின் கரையில் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. இப்போதைய இடத்தில் 1947இல் திறந்தார்கள். பழைய கோயிலிலிருந்து மீட்ட மரக்கதவுகள் இங்கே இருக்கின்றன. கட்டடத்தைவிட அந்தக் கதவுகளுக்கு 72 வயது கூடுதல் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் திரௌபதி அம்மன் தீமிதி இந்தக் கோயிலுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. உம்கேனி சாலை வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம் 1885ஐச் சேர்ந்த பெரிய வளாகம். அங்கே எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதால், வேறெங்கும் சாவி கிடைக்காத நாளுக்கு அது கைகொடுக்கும்.

இந்த மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். பேர் தெரியாத தோட்டக் கோயில் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டுக்கு மேல் சேர்த்தால் எதையும் ஒழுங்காகப் பார்த்த மாதிரி இருக்காது.

எந்த மாதம், எந்த நேரம்

கட்டடம் பார்க்க மே முதல் ஆகஸ்ட் வரை நல்லது. மழை குறைவு, புல் உயரம் குறைவு, வெளிச்சம் சாய்வாக விழும். ஆனால் ஜூனில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும், கரும்பு வெட்டுக் காலமும் அதே சமயம்தான். வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைப்பார்கள். புகை சாலையை மூடும், கரித்தூள் வெள்ளைச் சட்டையில் ஒட்டும், கரும்பு ஏற்றிய நீள லாரிகள் குறுகிய சாலையில் மெதுவாக ஊரும். புறப்படுகிற நேரத்தோடு அரை மணி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை புழுக்கம், பிற்பகலில் இடியோடு மழை. மண் பாதையில் சின்னக் கார் சிக்கிக்கொள்ளும்.

விழா நாளில் போனால் மனிதர்களைப் பார்க்கலாம், சுவரைப் பார்க்க முடியாது. தைப்பூசக் காவடி, சித்திரைக் காவடி, புனித வெள்ளியை ஒட்டிய மாரியம்மன், திரௌபதி அம்மன் விழாக்கள், ஆடிக் கஞ்சி, புரட்டாசிச் சனி என்று ஆண்டு ஓடும். கிறிஸ்தவர்களின் புனித வெள்ளியில் மாரியம்மனுக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்த நீண்ட லீவு ஈஸ்டர்தான். ஊரெல்லாம் கூடிக் கஞ்சி காய்ச்ச வேறு நாள் கிடையாது. ஆடிக் கஞ்சிக்குப் போனால் வேப்பிலைக்குப் பதிலாகச் சிரிங்கா இலை தொங்குவதைக் காணலாம். மலைவேம்பு இனத்து மரம், வேம்புக்கு உறவு. கைக்கு எட்டியதைக் கொண்டு முன்னோர் சமாளித்த வழி. வீட்டில் நடுவதற்குக் கன்று கேட்காதீர்கள், இந்நாட்டில் அது களையாக அறிவிக்கப்பட்ட மரம்.

கையில் எடுத்துப் போக

அன்றைக்குக் காலையிலிருந்து கறி, மீன், முட்டை, மது கூடாது. வண்டியிலும் மாமிசச் சாப்பாடு வேண்டாம். திரும்பும் வழியில் டவுனில் பீன்ஸ் 'பனி சௌ' (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) கிடைக்கும், பசியோடு இருங்கள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, கற்பூரம், ஊதுவத்தி, ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் போதும். இவற்றை டர்பனிலேயே வாங்கிவிடுங்கள், தோட்டப் பக்கத்தில் கடை இல்லை. கழற்றி மாட்ட எளிதான செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், கால் துடைக்கத் துண்டு. வெறுங்காலில் புல்லைக் கடக்கும்போது நெருஞ்சி மாதிரி முள் குத்தும், கோடையில் சிமெண்டுத் தரை சுடும். ஆகையால் வாசல்படி வரை செருப்போடு போய் அங்கே கழற்றுங்கள், கேட்டில் அல்ல. உண்டியலுக்கு ரொக்கம் வேண்டும், அட்டை வேலைக்காகாது.

பூட்டிய கோயில் என்றால் கரும்புக்குள் புகுந்து பின்பக்கமாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். கரும்பில் எலி, எலியைத் தேடிப் பாம்பு. கருப்பு மாம்பாவும் துப்பும் நாகமும் இந்தக் கரையில் சாதாரணம். தனியாக ஒரே வண்டியில் போய் இருட்டும்வரை நிற்பதும் புத்திசாலித்தனம் இல்லை. சாவி கொண்டுவருகிறவர் போகும்போது நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

சுவரைப் படிப்பது

முதலில் கிழக்கே, கொடிக்கம்பத்துக்கு வெளியே நின்று முழுவதையும் பாருங்கள். கம்பம் பெரும்பாலும் இரும்புக் குழாய், அடியில் படிப்படியான மேடை. அதற்கு நேர் எதிரே வாசல், வாசலுக்குப் பின்னால் ஒரு ஹால், அதன் கோடியில் விமானத்தோடு கருவறை. இந்த மூன்றும் ஒரே காலத்தவை என்று எண்ணிவிடுவது புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பழைய கோயில் பெரும்பாலும் பின்னால் இருக்கும் சின்னக் கருவறை மட்டும்தான். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் இடம் வேண்டி ஹாலைப் பிற்பாடு ஒட்டுவார்கள். பக்கவாட்டில் போய் இரண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள்: செங்குத்தாக ஒரு விரிசல் கோடு, கூரைச் சரிவில் ஒரு மாற்றம், அடித்தளத்தில் ஒரு உயர வித்தியாசம். இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

அடுத்து வடக்குச் சுவர். கிழக்குப் பார்த்த கோயிலில் அபிஷேகத் தண்ணீர் வடக்கே ஒரு கோமுகி வழியாக வெளியே விழும். அந்தத் துளை தரைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள். மண்ணோடு மண்ணாக இருந்தால் வெளித்தரையை ஒரு காலத்தில் உயர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் சுவரின் அடி ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே பூச்சு உதிர்வதற்குக் காரணமும் அதுவே.

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் வெயிலைக் கணக்குப் போடாதீர்கள். டர்பன் ஏறத்தாழ தெற்கு 30 பாகையில் இருக்கிறது. டிசம்பரில்கூட நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆகவே தெற்குச் சுவர் குளிர்காலத்தில் வெயிலைக் காண்பதே இல்லை. பாசியும் பூஞ்சணமும் வண்ணம் கொப்பளிப்பதும் அங்கேதான் முதலில் தெரியும். முன்முகத்தைப் படம் எடுக்கக் காலை எட்டு மணி, வடக்குச் சுவருக்கு நடுப்பகல், தெற்குச் சுவருக்கு மேகம் மூடிய நாள்.

ஆரம்ப காலக் கோயில்கள் மரச்சட்டமும் நெளித்தகரமும் வைத்தவை. செங்கல் பிறகு வந்தது. தகரம் மிச்சமிருந்தால் உட்பக்கம் தயாரித்தவர் முத்திரை சில சமயம் மங்கலாக இருக்கும், டார்ச் அடித்துத் தேடுங்கள். செங்கல் சுவரானால் பூச்சைக் கவனியுங்கள். பழைய பூச்சு சுண்ணாம்பு. சுவர் உறிஞ்சுகிற ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதன்மேல் இன்றைய பிளாஸ்டிக் பெயிண்டை விழாவுக்கு விழா பூசும்போது ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தேங்கி, உப்பாகக் கட்டி, பூச்சைத் தள்ளுகிறது. அழகாக இருக்கட்டும் என்று இடுப்பளவுக்கு டைல் ஒட்டினால் இன்னும் மோசம்: ஈரம் டைலுக்குப் பின்னால் ஏறி டைல் முடிகிற இடத்துக்கு மேலே ஒரு பட்டையாகக் கொப்பளிக்கும். அந்தப் பட்டையைப் பார்த்தால் காரணம் உங்களுக்குத் தெரிந்துவிடும், ஆனால் கமிட்டிக்காரரிடம் அங்கேயே பாடம் நடத்த வேண்டாம். அந்த டைலுக்கு யாரோ ஒருவர் தன் தாயார் பேரில் பணம் கொடுத்திருப்பார். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். 60 வயதைத் தாண்டிய கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ 1999ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அனுமதி வேண்டும், இந்த மாகாணத்தில் அதைக் கவனிக்கும் அமைப்பு 'அமாஃபா' என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

விமானத்தில் ஆலங்கன்று ஏதும் முளைத்திருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பறவை போட்ட விதை. விரல் தடிமன் இருக்கும்போது வேரோடு எடுக்கலாம், கை தடிமன் ஆகிவிட்டால் இழுத்தால் சுதையும் கூடவே வரும். பார்த்தால் படம் எடுத்துச் செக்ரட்டரிக்கு அனுப்புங்கள், நீங்களாக ஏறாதீர்கள்.

பக்கத்து மரத்தடியை விட்டுவிடாதீர்கள். முனீஸ்வரன், மதுரை வீரன், காட்டேரி என்று சூலமும் கல்லும் மஞ்சள் துணியுமாக இருக்கும். அம்மன் கோயிலில் புற்று இருந்தால் அதைச் சுற்றியே கோயில் வந்திருக்கலாம். கோயிலுக்கு முன்னால் செவ்வகமாகப் புல் வேறு நிறத்தில் தெரிந்தால் அது தீமிதிக் குழி. மூடியிருந்தாலும் அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். திரௌபதி கோயில் என்றால் கூத்து எங்கே ஆடினார்கள் என்று கேளுங்கள். தெருக்கூத்தை இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள், அந்தப் பேரைச் சொன்னால்தான் பலருக்குப் புரியும்.

கல்லெழுத்து

வாசல் நிலைக்கு மேலேயோ பக்கத்திலோ ஒரு பளிங்குப் பலகையோ சிமெண்டில் கீறிய எழுத்தோ இருக்கும். பெயிண்ட் மூடியிருந்தால் சுரண்டக் கூடாது, மாவு தடவக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது. டார்ச்சைப் பலகையின் பக்கவாட்டில், சுவரை ஒட்டியபடி பிடியுங்கள். குழிகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். இடது, வலது, மேல் என்று மூன்று பக்கமும் அடித்து மூன்று படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும்.

படிக்கும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இவை. தமிழ் தெரியாத பெயிண்டர் பழைய எழுத்தின் மேலேயே தூரிகை ஓட்டியிருப்பார், அதில் புள்ளி போய்விடும்: 'பிளளை' என்றிருந்தால் பிள்ளை, 'அமமன' என்றால் அம்மன். பழைய ணா, றா, னா வடிவங்களும் யானைக்கொம்பு போட்ட லை, ளை, னையும் இருக்கும். 1978க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்கள் அவற்றில் தடுக்கி விழுவார்கள். தமிழ் எண்களை எழுத்து என்று நினைத்துவிடுவதும் உண்டு: ௧ என்பது க அல்ல, 1. ௨ என்பது 2, ௭ என்பது 7, ௮ என்பது 8. 1898ஐ ௧௮௯௮ என்றும் எழுதியிருக்கலாம், ௲௮௱௯௰௮ என்று பழைய முறையிலும் எழுதியிருக்கலாம்.

பெரிய குழப்பம் வருஷப் பெயர். உதாரணமாக, பலகையில் 'விளம்பி ௵ ஆவணி ௴ ௧௫ ௳' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். அறுபது வருஷச் சுற்றில் விளம்பி 1898 ஏப்ரலில் தொடங்குகிறது, மறுபடி 1958இல், மறுபடி 2018இல். முதல் இரண்டில் எது? முதலாவதானால் இது 1898 ஆகஸ்ட் கடைசி. தீர்மானிக்க மற்ற வரிகளைப் பாருங்கள். 'சர்தார்' என்று தோட்டத்து மேஸ்திரியின் பட்டத்தோடு பேர் இருந்தால் பழைய சுற்றின் பக்கம் சாய்வு. கமிட்டி, டிரஸ்டி, செக்ரட்டரி என்று நீண்ட பட்டியல் இருந்தால் பிந்தைய சுற்று. பலகை சிமெண்டா கல்லா, பதித்த சுவர் கருவறையைச் சேர்ந்ததா ஹாலைச் சேர்ந்ததா என்பதும் சாட்சி. தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள்: விளம்பித் தை 1899இல் விழும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் சில: 1860 ரௌத்திரி, 1875 யுவ, 1885 பார்த்திப.

ஆட்பேர்களை ஆங்கிலப் பலகையோடு ஒத்துப் பாருங்கள். கவுண்டர் 'கவெண்டர்' ஆகியிருக்கும், முதலி 'மூட்லி' ஆகியிருக்கும், படையாட்சி அநேகமாக அப்படியே இருக்கும். பெருமாள், முனுசாமி போன்ற அப்பா பேர் குடும்பப் பேராக உறைந்துபோனதும் உண்டு. ஆகவே ஒரே குடும்பப் பேரை வைத்து உறவு என்று முடிவு செய்ய முடியாது.

கோயிலுக்கு வெளியே

பாரக்ஸ் இருந்த இடம் வேண்டுமென்றால் மரங்களைத் தேடுங்கள். கரும்புக்கு நடுவே காரணம் இல்லாமல் ஒரு கிழட்டு மாமரமும் முருங்கையும் கறிவேப்பிலைப் புதரும் நின்றால் அங்கே மனிதர்கள் சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். ஆற்றுக்குப் போகும் பாதையைக் கேளுங்கள், காவடி கட்டிக் கிளம்புவது அங்கிருந்துதான். கல்லறைகள் இருந்தால் எட்ட நின்று பாருங்கள். நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே உள்ள 60 வயதைத் தாண்டிய கல்லறைக்கும் அதே சட்டப் பாதுகாப்பு உண்டு.

மவுண்ட் எட்ஜ்கோமுக்குப் போகிறவர்கள் 1913ஐ மறந்துவிடக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்ற வரியை எதிர்த்த வேலைநிறுத்தம் அந்த நவம்பரில் இந்தத் தோட்டங்களுக்கும் பரவியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள். நேரம் இருந்தால் அங்கிருந்து இனாண்டா பக்கம் போகலாம்: காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பும், ஜான் டூபே 1901இல் நிறுவிய ஒலாங்கே பள்ளியும் அருகருகே. 1994இல் மண்டேலா ஓட்டுப் போட்டது ஒலாங்கேயில்தான். அரை நாள் பிடிக்கும், உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள்.

குடும்ப எண்ணோடு போனால்

உங்கள் பாட்டனார் இந்தக் கரையில் இறங்கியவர் என்றால் காலனி எண்ணைத் தெரிந்துகொண்டு போவது பயணத்தையே மாற்றும். கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். பதிவேட்டில் எண், பேர், அப்பா பேர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம் தழும்பு, எந்த முதலாளிக்கு ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டம்தான் உங்களுக்கு வேண்டியது. தோட்டம் எது என்று தெரிந்தால் கோயில் எது என்றும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீட்டிலுள்ள பழைய பிறப்பு, கல்யாண, இறப்புச் சான்றிதழ்களில் தொடங்குங்கள். எண் பலவற்றில் எழுதியே இருக்கும். பிறகு டர்பன் வெஸ்ட்வில்லிலுள்ள குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழக வளாகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம், அல்லது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். எண் இல்லாமல் பேரை மட்டும் வைத்துத் தேடினால் முனுசாமிகள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். வீராசாமி என்ற ஒரே பேரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி நாலு விதமாக எழுதியிருப்பார். கிராமப் பேரும் அப்படியே, அதை வாய்விட்டு உரக்கப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் பிடிபடாத ஊர் காதுக்குப் பிடிபடும். அப்பா பேர், வயது, கப்பல் ஆகிய மூன்றில் இரண்டாவது ஒத்துவந்தால் மட்டும் உங்கள் ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணும் பேரும் எழுதிய ஒரு தாளைக் கோயிலுக்குக் கொண்டுபோய், கூட வந்த பெரியவரிடம் காட்டுங்கள். கேள்வியை நேராகக் கேட்பதைவிட இது பலன் தரும். சாதிக் கட்டத்தைக் காட்டாமல் மடித்து வைத்துக்கொள்வது நல்லது, எல்லாரும் அந்தப் பேச்சை விரும்புவதில்லை.

கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது. வெளியே எடுக்கலாம், ஆனால் அருள் வந்து நிற்கிறவரையும் அலகு குத்தியவரையும் அவர்கள் குடும்பத்தார் தலையசைக்காமல் எடுக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு வாரத்துக்குள் படங்களைச் செக்ரட்டரிக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் எந்தச் சுவர், எந்தத் தேதி என்று எழுதுங்கள். படிக்க முடிந்த கல்லெழுத்தைப் படித்தபடியே தட்டி அனுப்புங்கள், தெரியாத எழுத்துக்குப் பதில் ஒரு கோடு. அடுத்த விழாவுக்குப் பெயிண்டர் வரும்போது அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தால் புள்ளிகள் திரும்ப வந்துவிடும்.